செவிலியின் நாளேடு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு 'நாளும் ஒரு படைப்பு' என்பதாகும். மூன்றாண்டுகளுக்கு முன் நம் வட்டத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நாம் ஓர் உறுதி எடுத்துக்கொண்டோம். கதையோ கவிதையோ ஓவியமோ, அவரவர்க்கு இயன்ற ஒன்றை, எத்துணைச் சிறிதாயினும், நாள் தவறாது ஓராண்டு செய்து பார்ப்பது என்பதே அவ்வுறுதி. நான் நாளும் ஒரு வெண்பா எழுதுவதாகச் சொன்னேன். அதனால் விளைந்த பயன் யாது, நேர்ந்த இடர் யாது என்று கூறுமாறு செயலர் பணித்திருக்கிறார். அவ்வாண்டில் என் வீட்டில் வெண்பாவோடு வேறு சில உயிர்களும் வளர்ந்தன. விலங்குக் காப்பகத்திலிருந்து பெற்று வந்த, தாயற்ற பூனைக்குட்டிகளே அவை. அவற்றை விலக்கிவிட்டு அவ்வாண்டைப் பற்றி நேர்மையாகப் பேச என்னால் இயலாது. பூனை என்றதும் அவையில் சிலர் முறுவலிப்பது தெரிகிறது. அம்முறுவலிலிருந்தே தொடங்குவோம்.

தமிழிலக்கியம் பூனைக்கு அவ்வளவாக இடம் கொடுத்ததில்லை. சங்கப் பாடல்களில் நாம் காணும் வெருகு என்பது காட்டுப்பூனை. ஒக்கூர் மாசாத்தியாரின் குறுந்தொகைப் பாடலில் (139), மாலை வேளையில் வேலிப்புறத்தே வந்த வெருகுக்கு அஞ்சி, வீட்டுக் கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. அங்கே வெருகு அச்சத்தின் உருவம். தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வகுக்குமிடத்தில் கீரி, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கையும் ஒருசேர வைத்துக் 'குட்டி' என்னும் பெயரை அவற்றுக்கு உரியதாக்குகிறது. 'பறழ்' என்று கூறினும் மாறுபாடு இல்லை என்கிறது. பின்வந்த வழக்கில் கீரிக்கும் அணிலுக்கும் 'பிள்ளை' என்னும் பெயரைக் கொடுத்துவிட்டோம். கீரிப்பிள்ளை என்கிறோம், அணிற்பிள்ளை என்கிறோம். பூனை மட்டும் குட்டியோடு நின்றுவிட்டது. பாரதி ஒருவரே 'முரசு' பாட்டில், வெள்ளைப் பூனை ஈன்ற பல நிறத்துக் குட்டிகளைப் பிள்ளைகள் என்று கூறி, மனிதருக்குள் நிறத்தால் வேற்றுமை இல்லை என்பதற்கு அவற்றைச் சான்றாக நிறுத்தினார்.

கம்பரின் அவையடக்கத்தை அறியாதார் இல்லை. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைக் கூறிக்கொள்கிறார் அவர். அவ்வுவமையைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆனால் பூனைக்குட்டிக்குப் பசும்பால் ஆகாது, அது வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விட்டுவிடும் என்பதை ஒரு காப்பகத்தின் வாயிலில் நின்றபோதுதான் அறிந்தேன். பாற்கடல் இருக்கட்டும், ஒரு தேக்கரண்டி பசும்பாலே அச்சிற்றுயிருக்குத் தீங்கு. பூனைக்குட்டிகளுக்கென்றே பக்குவம் செய்த பால்மாவு தனியே விற்கிறது. அதைக் கலந்து புகட்ட வேண்டும்.

காப்பகங்கள் குட்டிகளை ஏன் வீடுகளுக்கு அனுப்புகின்றன என்பதை இங்கே விளக்குவது கடமை. முதற் காரணம் இரவு. பிறந்து இரண்டு வாரம் ஆகாத குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பால் புகட்ட வேண்டும். அதன் பின்னரும் சில காலம் நான்கு மணிக்கு ஒருமுறை புகட்ட வேண்டும். நூற்றுக்கணக்கான விலங்குகளை வைத்திருக்கும் இடத்தில் இரவெல்லாம் அதைச் செய்ய ஆள் ஏது? இரண்டாவது காரணம் தொற்று. தடுப்பூசி போடும் வயதை எட்டாத குட்டிகள், பல இடங்களிலிருந்தும் வந்த பூனைகளிடையே இருந்தால், பான்லூக்கோபீனியா போன்ற கொடிய நோய் ஒன்று வந்து சில நாளில் ஓர் ஈற்றையே அழித்துவிடும். மூன்றாவது காரணம் பழக்கம். பூனைக்குட்டி மனிதரின் கையையும் குரலையும் அஞ்சாமல் ஏற்கக் கற்பது இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரையிலான குறுகிய காலத்தில்தான். அக்காலத்தைக் கூண்டுக்குள் கழித்த குட்டியை எடுத்து வளர்க்க முன்வருவோர் குறைவு.

ஆகவே குட்டிகளை ஆறு, எட்டு வாரங்களுக்கு ஒரு வீட்டில் விட்டு வளர்த்து, உரிய வயதில் திரும்பப் பெற்று, நிலையான வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். இது தத்தெடுத்தல் அன்று. தத்தில் உரிமை உண்டு. இதில் கடமை மட்டும் உண்டு. கொடுத்துவிடுவதற்காகவே வளர்ப்பது இது. இதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடிச் சில நாள் அலைந்தேன். பிறகு, நாம் நாள்தோறும் வகுப்பில் சொல்லும் சொல்லே அதுவென்று தெரிந்தது. ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. இன்று மருத்துவமனைப் பணிக்கு அச்சொல்லை வழங்குகிறோம். அகப்பாடல்களில் அது வளர்ப்புத் தாய்க்கே உரியது.

என்னிடம் முதலில் வந்தவை நான்கு. மழைநீர் வடிகால் ஓரத்தில் அட்டைப்பெட்டியில் யாரோ விட்டுச் சென்றவை. ஏறத்தாழப் பத்து நாள் வயது. கண்கள் அப்போதுதான் கீற்றாகத் திறந்திருந்தன. உறுதி எடுத்துக்கொண்டு மூன்று வாரமே ஆகியிருந்ததால், எனக்குக் கண்டதெல்லாம் யாப்பாகத் தோன்றிய காலம் அது. வெண்பாவின் ஈற்றுச்சீர் கொள்ளும் நான்கு வாய்பாடுகளையே அந்நான்கிற்கும் பெயராக்கினேன்: நாள், மலர், காசு, பிறப்பு. நான்கினுள் மிகச் சிறியது ஓரசைப் பெயரான நாள். வந்த அன்று அதன் எடை 140 கிராம். மற்ற மூன்றும் 180 கிராமை ஒட்டியிருந்தன.

எடையை ஏன் சொல்கிறேன் என்றால், குட்டி வளர்ப்பில் நம்பத்தக்க சான்று அது ஒன்றே. குட்டி நாளொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து கிராம் வரை ஏற வேண்டும். ஏறாவிட்டாலோ இறங்கினாலோ, நாம் காணாத ஏதோ ஒன்று உள்ளே நடக்கிறது என்று பொருள். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, நாள்தோறும் அதே வேளையில் நிறுத்து எழுதச் சொன்னார்கள். வெண்பாவுக்கென்று வாங்கிய நீண்ட குறிப்பேடு மேசையில் கிடந்தது. இடப்பக்கத்தில் எடை, வலப்பக்கத்தில் வெண்பா என்று வைத்துக்கொண்டேன். நாளடைவில் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கப் பழகிவிட்டேன். இன்று எவ்வளவு ஏறியது என்னும் வினாவை இரண்டு பக்கத்திலும் கேட்டேன்.

படைக்கும் நேரம் பற்றி எனக்கு ஒரு மயக்கம் இருந்தது. நீண்ட, இடையறாத தனிமை வாய்த்தால்தான் எழுத முடியும் என்று நம்பினேன். அது வாய்க்காத ஆண்டுகளை எல்லாம் எழுதாமல் கழித்தேன். குட்டிகள் வந்தபின் என் நாள் மூன்று மணிக் கூறுகளாக உடைந்தது. வெந்நீர் வைப்பது, பால்மாவு கலப்பது, குட்டியைக் குப்புறக் கிடத்திய நிலையிலேயே புகட்டுவது, ஏனெனில் மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் செல்லும், பிறகு தாயின் நாக்கு செய்யும் வேலையை வெந்நீரில் நனைத்த பஞ்சால் செய்து சிறுநீர் கழிக்க வைப்பது, இவை அனைத்தும் நான்கிற்கும் முடிய முக்கால் மணி நேரம். கை இவற்றைச் செய்யும்போது வாய் சும்மா இருக்கிறது. மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்று தளையைச் சரிபார்த்துக்கொண்டே பால் புகட்டினேன். ஏட்டின் முன் அமரும்போது இரண்டடி கையில் இருக்கும். உரைநடைக் காவியம் எழுதுவதாக உறுதி எடுத்திருந்தால் அவ்வாண்டு தோற்றிருப்பேன். வெண்பா, மனத்திலேயே தூக்கிச் செல்லத்தக்க அளவினது. நாளும் படைக்க விரும்புவோர்க்கு நான் கூறும் முதற்செய்தி இதுதான்: உங்கள் நாள் எவ்வாறு உடைகிறதோ அதற்கேற்ற அளவில் உங்கள் வடிவத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

இதற்கு ஆங்கில இலக்கியத்தில் ஒரு முன்னோடி உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் கிறிஸ்டோபர் ஸ்மார்ட் மனநோயர் என்று கருதப்பட்டு இலண்டனில் அடைத்து வைக்கப்பட்டிருந்தார். 1759 முதல் 1763 வரை அந்நிலையில் அவர் எழுதியது 'ஜூபிலாட்டே அக்னோ' என்னும் நெடும்பாட்டு. அதன் பெரும்பகுதி நாளுக்குச் சில வரி என்னும் கணக்கில், நாட்குறிப்பைப் போல எழுதப்பட்டது என்பது ஆய்வாளர் கருத்து. அதில் எழுபதுக்கு மேற்பட்ட வரிகள் அவருடன் இருந்த ஜெஃப்ரி என்னும் பூனையைப் பற்றியவை. அது எழுவது, தன்னைத் தூய்மை செய்துகொள்வது, உடலை நெளிப்பது, இரை தேடுவது ஆகிய ஒவ்வொரு செயலையும் அவர் வழிபாடாகக் கண்டார். அந்நூல் அச்சானது 1939இல்தான். இன்று ஸ்மார்ட்டின் பிற பாடல்களை அறியாதோரும் ஜெஃப்ரியை அறிவர். அடைத்து வைக்கப்பட்ட ஒருவரின் நாளுக்கு, ஒரு பூனையின் ஒழுங்கு வடிவம் கொடுத்தது.

இச்செய்தியை அக்காலத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுத்தும் வளர்ப்பும் ஒன்றுக்கொன்று துணை, இரண்டையும் எளிதாக நடத்திவிடலாம் என்று பேசினேன். நம் வட்டத்தின் கூட்டமொன்றிலும் பேசினேன், சிலருக்கு நினைவிருக்கலாம். அப்பேச்சை இன்று திருத்திக்கொள்ள வேண்டியவளாக நிற்கிறேன்.

அது கார்த்திகை மாதம். நாலாம் நாளாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. குட்டிகள் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தன. நாள் என்னும் சிறுகுட்டி முந்திய இரண்டு நாளில் மூன்று கிராமே ஏறியிருந்தது. அதை இடப்பக்கத்தில் என் கையால் எழுதியிருந்தேன். எழுதினேனேயன்றிப் படிக்கவில்லை. ஏனெனில் வலப்பக்கத்தில் அன்று ஒரு நல்ல வெண்பா வந்துகொண்டிருந்தது. உறுதி எடுத்த நாள்முதல் எழுதியவற்றுள் அதுவே முதன்முதலாக யாப்பின் கட்டு தெரியாமல் வந்தது. முதலடியும் இரண்டாமடியும் தனிச்சொல்லும் அமைந்தன. மூன்றாமடி அமைந்தது. ஈற்றடியின் ஓசை காதில் விழத் தொடங்கியபோது இரவு ஒரு மணிக்கான எழுப்பொலி கைப்பேசியில் ஒலித்தது. நிறுத்தினேன். ஓரடிதானே, முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

எழுந்தபோது மணி இரண்டேகால். குட்டிகளின் பெட்டியில் வைத்திருந்த வெந்நீர்ப் புட்டி ஆறிக் குளிர்ந்திருந்தது. மலரும் காசும் பிறப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக் கிடந்தன. நாள் அக்குவியலிலிருந்து விலகிப் பெட்டியின் மூலையில் கிடந்தது. தொட்டால் ஈரத் துணியைத் தொட்டாற்போல் இருந்தது. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் கொடுக்கக் கூடாது, அதன் குடல் இயங்காது, முதலில் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும் என்று சொல்லித் தந்திருந்தார்கள். முந்தானையில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டேன். தொலைபேசியில் கால்நடை மருத்துவர் சொன்னபடி சர்க்கரைக் கரைசலை விரல்நுனியால் ஈற்றில் தடவினேன். இருமுறை வாயைத் திறந்தது. விடியற்காலம் ஐந்து மணிக்குச் சற்று முன்னர் இறந்தது.

காலையில் மருத்துவர், நலிந்த குட்டிகள் எவ்வளவு காத்தாலும் இப்படிப் போவதுண்டு, உள்ளே பிறவிக் குறை இருந்திருக்கலாம், தங்கள் தவறென்று கொள்ள வேண்டா என்றார். அவர் கூறியது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் ஒரு மணிக்கும் இரண்டேகாலுக்கும் இடைப்பட்ட நேரம் என்னுடையது. அதை வேறு யார் கணக்கிலும் எழுத முடியாது. வைணவ உரையாசிரியர்கள் அடைக்கலத்தை விளக்கும்போது குரங்குக்குட்டியையும் பூனைக்குட்டியையும் எடுத்துக்காட்டுவர். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும்; பூனைக்குட்டியைத் தாய்தான் கவ்விச் செல்ல வேண்டும். பற்றும் பொறுப்பு முழுவதும் தாயுடையது. அந்நியாயத்தைத் தேர்வுக்கு வரும் வினாவாகவே அதுவரை படித்திருந்தேன்.

அன்றைய ஏடு இன்றும் என்னிடம் உள்ளது. இடப்பக்கத்தில் மூன்று எடைகள். நான்காம் கட்டம் வெறுமை. வலப்பக்கத்தில் மூன்றடிகள். மூன்றடியால் வருவது சிந்தியல் வெண்பா என்று நீங்கள் கூறக்கூடும். சிந்தியலுக்கும் ஈற்றடி முச்சீராக முடிய வேண்டும். என் மூன்றாமடி நாற்சீரில் நிற்கிறது. ஆகவே அது எவ்வகை வெண்பாவும் அன்று. அதன் ஈற்றடி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எழுதவில்லை. கல்லூரித் தோழியொருத்தி, அதைக் கையறுநிலையாக முடித்துவிடு, அதுவே அக்குட்டிக்கு நீ செய்யும் கடன் என்றாள். என் மனம் ஒப்பவில்லை. அக்குட்டியின் இறப்பு என் பாட்டுக்கு நல்ல முடிவாக அமைவதை நான் விரும்பவில்லை. இன்று மேடையில் சொல்வதும் அத்தகையதுதானே என்று கேட்பீராயின், மறுக்க மாட்டேன். இதைச் சொல்லாமல் எழுத்தையும் வாழ்வையும் சமன் செய்வது பற்றிப் பேசினால், முன்பு பேசியதைப் போலவே பொய்யாகிவிடும் என்பதால் சொல்கிறேன்.

அதன்பின் பதினொரு நாள் நான் எதுவும் எழுதவில்லை. மூன்று குட்டிகளின் எடையை மட்டும் குறித்தேன். பன்னிரண்டாம் நாள், வலப்பக்கம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்த என் தாயார், "குட்டி போனதுக்குப் பேனா என்ன பண்ணும்? எழுது. மணி அடிச்சா எந்திரி. அவ்வளவுதானே?" என்றார். அவர் பூனையைக் கண்டாலே சகுனம் பார்ப்பவர். நான் குட்டிகளைக் கொண்டுவந்த நாளில் என்னோடு பேசாமல் இருந்தவர். அவர் சொன்னதைவிடச் சிறந்த விதி எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. அதனையே விரித்துச் சில வரையறைகளை அமைத்துக்கொண்டேன்.

முதலாவது, எழுப்பொலி கேட்டால் சீரின் நடுவே ஆயினும் எழுதுகோலை வைத்துவிடுவது. எழுந்து போனால் கவிதை ஓடிவிடும் என்னும் அச்சம் பொய் என்று கண்டேன். பாதியில் விட்ட அடிக்குத் திரும்பி வருவது, வெற்றுத்தாளுக்கு வருவதைக் காட்டிலும் எளிது. ஓடிப்போனவை சில உண்டு. அவை போகட்டும். இரண்டாவது, அன்றாடப் படைப்பின் அளவைக் காலத்துக்கேற்பக் குறைத்துக்கொள்வது. கண் திறவாத குட்டிகள் வீட்டில் இருக்கும் வாரங்களில் எனக்குக் குறள் வெண்பாவே போதும். ஏழு சீர். குட்டிகள் நான்கு வாரம் கடந்து தாமாக உண்ணத் தொடங்கியபின் நாலடிக்குத் திரும்பலாம். மூன்றாவது, மறுக்கக் கற்றுக்கொள்வது. ஆண்டுக்கு இருமுறைக்கு மேல் குட்டிகளை ஏற்பதில்லை. விடைத்தாள் திருத்தும் காலத்தில் ஏற்பதே இல்லை. காப்பகத்திலிருந்து வரும் அழைப்புக்கு இயலாது என்று சொல்வது கடினம். சொல்லிவிட்டு இரவில் விழித்திருந்திருக்கிறேன். இயலும் என்று சொல்லிவிட்டு ஒரு மணி எழுப்பொலியை நிறுத்துவது அதனினும் கொடிது என்பதை அறிந்தவள் என்பதால் சொல்ல முடிகிறது.

நான்காவது, நம் விருப்பத்தின் சுமையைப் பிறர் தோளில் ஏற்றாமை. சாமுவேல் ஜான்சனைப் பற்றி அவர் வரலாற்றை 1791இல் வெளியிட்ட பாஸ்வெல் ஒரு செய்தி கூறுகிறார். ஆங்கில அகராதி தந்த அப்பேரறிஞர், ஹாட்ஜ் என்னும் தம் பூனைக்குச் சிப்பி வாங்கத் தாமே கடைக்குச் செல்வாராம். வேலையாளை அனுப்பினால், அத்தொல்லை காரணமாக அவர் அப்பூனையை வெறுத்துவிடக்கூடும் என்பதே காரணம். நம் இல்லங்களில் எழுதுவோரின் நேரம் பெரும்பாலும் இன்னொரு பெண்ணின் நேரத்திலிருந்து எடுக்கப்படுவது. வீட்டு வேலைக்கு வரும் அம்மையாரிடம் குட்டிகளின் மண்தட்டைத் தூய்மை செய்யச் சொல்லிவிட்டு உள்ளே அமர்ந்து உயிரிரக்கம் பற்றி நான் வெண்பா பாடினால், அது வெண்பாவாகவே இருக்கலாம், வேறொன்றும் ஆகாது.

கலைக்கும் உயிரிரக்கத்துக்கும் இடையே நாம் இழுபறியாகக் காண்பதை, ஒன்றாகவே கண்ட ஒருவர் நம் சென்னையில் வாழ்ந்தார். 1936இல் கலாக்ஷேத்திராவைத் தோற்றுவித்த ருக்மிணி தேவி அருண்டேல், 1952இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். அங்கே அவர் கொண்டுவந்தது விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கும் தனிநபர் மசோதா. அம்முயற்சியின் தொடர்ச்சியாகவே 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்படி 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். நாட்டியப் பள்ளியை நடத்துபவருக்கு இது எதற்கு என்று அன்றும் சிலர் எண்ணியிருப்பர். அழகை உணரும் மனமும் துன்பத்தை உணரும் மனமும் வெவ்வேறாக இருக்க இயலாது என்பதை அவர் தம் வாழ்வால் காட்டினார். எனக்கு அந்த ஒருமை இன்னும் கைகூடவில்லை. என் மேசையில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில்தான் இருக்கின்றன. ஆனால் ஒரே ஏட்டில் இருக்கின்றன.

இனி, கொடுத்துவிடுதல் பற்றிச் சில சொற்கள். ஒன்பதாம் வாரத்தில் மூன்று குட்டிகளும் தடுப்பூசி பெற்று வீடு புகத் தகுதியாயின. காசும் பிறப்பும் பிரியாமல் ஒரு குடும்பத்துக்குச் சென்றன. வெள்ளையும் கறுப்பும் செம்மையும் கலந்த மலர், ஓய்வு பெற்ற முதியவர் இருவர் வாழும் வீட்டுக்குச் சென்றாள். அம்மூன்று நிறமும் கூடிய பூனை ஏறத்தாழ எப்போதும் பெண்ணாகவே இருக்கும் என்பது இயற்கையின் விதி. கூடையை மூடிக் கொடுத்துவிட்டுத் திரும்பிய அன்று மாலை, பாலைக்கலி வகுப்பு நினைவுக்கு வந்தது. தலைவனுடன் சென்றுவிட்ட மகளைத் தேடிவரும் செவிலிக்கு, வழியில் வரும் சான்றோர் ஆறுதல் கூறும் பாடல் அது. சந்தனமும் முத்தும் இசையும் தாம் பிறந்த மலைக்கும் கடலுக்கும் யாழுக்கும் பயன்படுவதில்லை, அணிவோர்க்கும் இசைப்போர்க்குமே பயன்படுகின்றன என்பது அவர்கள் கூறும் மெய். அவ்வாறுதல் நற்றாய்க்குச் சொல்லப்படாமல் தேடி வந்த செவிலிக்குச் சொல்லப்படுவதன் பொருத்தம் அன்றுதான் புலப்பட்டது.

ஒரு மாதம் கழித்து மலரைக் காணச் சென்றேன். இரும்பு அலமாரியின் மேல் படுத்திருந்தாள். பெயர் சொல்லி அழைத்தேன். ஒருமுறை பார்த்தாள், பிறகு தாவி இறங்கி, அவ்வீட்டு அம்மையாரின் காலடியில் போய் அமர்ந்துகொண்டாள். என்னை அடையாளம் காணவில்லை. ஒரு கணம் நெஞ்சு வலித்தது. மறுகணம், வேண்டியது இதுதானே என்று தோன்றியது. குறுந்தொகையில் (167) கூடலூர் கிழாரின் செவிலி, மணம் முடித்துச் சென்ற மகளின் மனைக்குச் சென்று, அவள் தன் கையால் சமைத்ததைக் கணவன் சுவைத்து உண்பதையும் அதில் அவள் மகிழ்வதையும் கண்டு வந்து நற்றாய்க்குக் கூறுகிறாள். நான் வீட்டுக்கு வந்து என் தாயாரிடம், மலர் நன்றாக இருக்கிறாள் என்றேன். "எடை எவ்வளவு?" என்று கேட்டார் அவர்.

உறுதிமொழி ஆண்டு முடிந்தபோது கணக்குப் பார்த்தேன். எழுதியவை 318 வெண்பாக்கள். அவற்றுள் பிறர்முன் வைக்கத்தக்கவை முப்பதுக்கும் குறைவு. அவற்றை இவ்வட்டத்தில் படித்தபோது சிலவற்றை நீங்கள் திருத்தினீர்கள். சிலவற்றை வேறு பொருளில் புரிந்துகொண்டீர்கள். முன்பெல்லாம் அது என்னை வருத்தும். அவ்வாண்டுக்குப் பின் வருத்தவில்லை. கவிதைக்கு நான் நற்றாய் என்று எண்ணியிருந்தேன். சொல்லும் யாப்பும் எனக்கு முன்னரே இருந்தவை. நான் சில நாள் அவற்றைச் சூடு ஆறாமல் வைத்திருந்து, ஓரளவு எடை ஏறியதும் வேறு வீட்டுக்கு அனுப்புகிறேன். அங்கே அவை என்னை அடையாளம் காணாமல் வாழ்ந்தால் நான் செய்தது சரி.

நம் வட்டமும் பத்தாண்டுகளாக இதைத்தான் செய்து வந்திருக்கிறது. முதன்முதலாக ஒரு கவிதையைக் கை நடுங்கப் படித்த இளைஞர் பலரை இது வளர்த்து அனுப்பியிருக்கிறது. அவர்களுள் சிலர் இன்று நம்மை நினைப்பதில்லை என்று அன்பர்கள் குறைபட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அக்குறையை நாம் விட்டுவிடலாம்.

இப்போது என் வீட்டில் மூன்று குட்டிகள் உள்ளன. நேற்றுத்தான் இரண்டாம் வாரம் முடிந்தது. ஆகவே இம்மாதம் முழுவதும் எனக்குக் குறள் வெண்பாதான். அடுத்த வேளைப் பாலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது; என் தாயார் காத்திருப்பார்.